ஊர்வலத்துக்கு முதுகு காட்டாதவள்

"பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு" என்று முணுமுணுத்தபடி சமையலறையிலிருந்து தெருக்கதவை நோக்கி முதுகுப்பக்கமாக நடந்து வருகிறாள் பாக்கெட் அக்கா. பார்வை அடுப்பின்மேல் இருக்கிறது. கால்கள் மட்டும் பின்னால் போகின்றன. வழியில் ஒரு முக்காலி கிடக்கிறது. அவளே போட்டதுதான். பதினான்காவது அடியில் இடதுகாலை ஒரு சாண் தள்ளி வைத்து அதைச் சுற்றிக்கொள்கிறாள். இருபத்திரண்டில் குதிகால் கதவில் முட்டுகிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் அவள் வீட்டுக்காரர் தலை நிமிராமலே சொல்கிறார்: "ரிவர்ஸ் கியர் விழுந்துருச்சு. பின்னாடி யாராவது இருந்தா ஒதுங்கிக்குங்க."

"நீங்க ஊசியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி போய்ச் சமையலறையில் நிற்கிறாள்.

செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் அந்த வீட்டில் இந்த நடை தொடங்கிவிடும். அக்டோபர் இரண்டாம் தேதி உலகம் முழுக்க அகிம்சை நாள். அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் தாளில் புறா வரைவார்கள், பெரிய மனிதர்கள் ஒலிபெருக்கியில் பேசுவார்கள். எங்கள் நகரில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. கையில் ஒன்றும் இல்லாமல், கூச்சல் போடாமல் யார் நடந்து வந்தாலும் நகர மன்றத்துப் படியில் வைத்து அவர்கள் மனுவை வாங்கியே தீர வேண்டும். அதனால் பொது மருத்துவமனையின் சலவைக்கூடத்து ஆட்கள் வருஷந்தோறும் அன்று பின்வாசலிலிருந்து மன்றம்வரை முக்கால் மைல் நடப்பார்கள். எல்லாருக்கும் முன்னால் பாக்கெட் அக்கா. அவள் மன்றத்தைப் பார்த்து நடக்க மாட்டாள். வருகிறவர்களைப் பார்த்துத்தான் நடப்பாள். முக்கால் மைலும் பின்னோக்கி.

"எதுக்குடி இந்தக் கூத்து?" என்று முதல் வருஷம் நான் கேட்டேன்.

"கல்லு எதிர்ல இருந்து வராது அத்தை. நம்ம கூட்டத்துல இருந்துதான் கெளம்பும். கெளம்புற கையப் பார்க்கணும்னா இப்படித்தான் நடந்தாகணும்."

நான் அவளுக்குத் தாய்மாமன் மனைவி. அவளுடைய அம்மா என் கணவருக்கு அடுத்துப் பிறந்தவள். ஐந்து பெற்றாள்; மூத்தவளான இவளும் கடைசித் தம்பியும்தான் தங்கினார்கள். நடுவில் இருந்த மூவரின் முகங்களும் எனக்கு இப்போதும் ஒன்றோடொன்று கலக்காமல் நினைவில் இருக்கின்றன. தம்பிக்கு இவளே தாய் மாதிரி. அவனுக்கு முதல் பல் விழுந்தபோது அதைத் தன் பாவாடை முடிச்சில் ஒரு வாரம் வைத்திருந்தாள். இப்போது இவளுக்கு ஐம்பத்து மூன்று, அவனுக்கு முப்பத்தெட்டு. இரண்டு பேருக்கும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விட்டுத் தேய்த்து எடுக்கும் ரோலர் மெஷின் அவன் பொறுப்பு. இவளுக்கு முதல் மேசை.

முதல் மேசை என்றால், மருத்துவமனையின் அழுக்கெல்லாம் வந்து விழுகிற மேசை. டாக்டர்களின் கோட்டு, நர்சுகளின் சட்டை, நோயாளிகளின் அங்கி எதுவும் இவள் பையைத் திருப்பிப் பார்க்காமல் மெஷினுக்குப் போகாது. அதனால்தான் அந்தப் பெயர். ஒரு பேனா உள்ளே போனால் நாற்பது கோட்டு நீலமாகும், ஒரு கத்தரிக்கோல் போனால் மெஷின் நிற்கும். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் புறங்கையால் பைமேல் ஒரு தட்டு. பிறகு பையின் அடிமூலையை வெளியிலிருந்தே இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் கையை உள்ளே விட்டு உள்துணியை வெளியே இழுப்பாள். "வெளிய நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள போகணும். இல்லேன்னா ஊசி பதில் சொல்லும்" என்பாள். இரண்டு முறை பதில் சொல்லியும் இருக்கிறது. கட்டைவிரலில் தழும்பு உண்டு.

கிடைப்பதையெல்லாம் ஒரு வெள்ளை எனாமல் தட்டில் போட்டு, துணி அட்டையில் நம்பர் எழுதிக் கட்டி, உரியவருக்கே அனுப்பிவிடுவாள். சாவி, சீப்பு, பாதி தின்ற மிட்டாய், ஒருமுறை ஒரு முழுப் பல்செட்டு. பெரிய டாக்டர் ஒருவரின் கோட்டில் நான்காய் மடித்த கடிதம் ஒன்று அடிக்கடி வரும்.

"ஒரு தடவையாவது பிரிச்சுப் பாத்தியா?" என்று அங்குள்ள பெண்கள் வாயைக் கிளறுவார்கள்.

"பை எனக்கு, கடுதாசி அவருக்கு" என்று சொல்லி அட்டையைக் கட்டிவிடுவாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே எதிரில் நிற்பவரின் பையைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டியது அவளுக்கே தெரியாது. "கல்யாணம் ஆனதுல இருந்து என் பைல காத்துகூடத் தங்கினதில்ல" என்பது அவள் வீட்டுக்காரர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லும் குறை.

ஊர்வலத்தன்று காலையில் இதே வேலைதான் பின்வாசலிலும். தட்டோடு நிற்பாள். "பையக் காட்டு. மூஞ்சியக் காட்ட வேணாம், அதான் தெனமும் பாக்கிறேனே" என்று ஒவ்வொருவராகத் தட்டி அனுப்புவாள். ஆணி, திருகு, தொங்குபூட்டு, கண்ணாடிக் குப்பி எல்லாம் தட்டுக்கு வந்துவிடும், நம்பர் அட்டையோடு. சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஆட்களை நிறுத்துவதிலும் அவளுக்கு ஒரு கணக்கு. நடக்க முடியாதவர்களையும் வயதானவர்களையும் முதல் வரிசையில் வைப்பாள். "இவங்களத் தாண்டி யாரும் ஓட மாட்டாங்க. ஓடாத கூட்டத்துக்குக் கோவம் ஏறாது." அதனால் பத்து வருஷமாக, வீட்டு ஆளாகக் கூட நடக்கிற நானும் முதல் வரிசைதான். அந்த ஊர்வலத்தின் வேகம் என் முழங்கால் முடிவு செய்கிற வேகம்.

பின்னோக்கி நடக்கிறவளுக்கு முன்வரிசையிலிருந்து யாராவது குழி, மேடு சொல்ல வேண்டாமா? சொன்னால் கோபித்துக்கொள்வாள். அந்த வாரம் மூன்று சாயங்காலம் தனியாகப் போய் அடி எண்ணிக்கொண்டு வந்துவிடுவாள். வாசலிலிருந்து மருந்துக்கடை மூலைக்கு நானூற்றுப் பத்து, மூலையிலிருந்து பாலத்துக்கு அறுநூற்று முப்பது, அப்படியே. "இன்னொருத்தர் சொல்லைக் கேட்டுக் காலை வச்சா விழுந்துருவேன் அத்தை. நானே எண்ணிக்கிறேன்." சொந்தக் கணக்கைத் தவிர வேறொன்றையும் நம்பாத பெண்ணாக இவள் எப்போது ஆனாள் என்று நான் யோசித்ததுண்டு. சின்ன வயதில் அப்படி இல்லை.

கல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டது. மடிப்பு மேசையில் நின்றவளின் வலதுகை முழங்கைவரை வெந்துவிட்டது. குழாயை மாற்ற வேண்டும், எல்லாருக்கும் நீளக் கையுறை தர வேண்டும் என்று மனு எழுதி, அந்த அக்டோபர் இரண்டாம் தேதி எல்லாரும் மன்றத்துக்குப் போனார்கள். மடிப்புக்காரி கட்டுப் போட்ட கையோடு முன்னால் நின்றாள். நிர்வாகி மருத்துவமனை வேனில் வந்து இறங்கப் போகும் நேரம் கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்தது. குறி நிர்வாகி, பட்டது ஓட்டுநருக்கு. திறந்த ஜன்னல் வழியாக இடது காதோரம் விழுந்தது.

அந்த ஓட்டுநர் வேறு யாருமில்லை, என் அக்கா மகளைக் கட்டியவர். முறை பிசகாமல் பார்த்தால் பாக்கெட் அக்காவுக்கு அண்ணன். எல்லாப் பக்கத்திலும் நம் ஆட்கள் இருக்கிற இடத்தில் கல் எறிந்தால் அது சொந்தத்தில்தான் போய் விழும்.

அவருக்கு அந்தக் காது போய்விட்டது. கூட்டத்தைக் கலைத்தார்கள், மனு யாரோ ஒருவர் செருப்புக்கடியில் கிடந்தது. மறுநாள் பத்திரிகையில் கல்லுக்கு அரைப் பக்கம் கொடுத்தார்கள், வெந்த கைக்கு ஒரு வரியும் கொடுக்கவில்லை. கையுறை வர அதற்கப்புறம் நான்கு வருஷம் ஆயிற்று. எறிந்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த அக்டோபரில்தான் பாக்கெட் அக்கா முதன்முதலாகக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். மடிப்புக்காரியின் விரல்கள் அதற்குப் பிறகு சரியாக மடங்குவதில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவின் மூடியை அன்றிலிருந்து தினமும் திறந்து கொடுப்பது பாக்கெட் அக்கா.

இந்த வருஷம் வந்த சிக்கல் பெரிது. சலவைக்கூடத்தையே மூடிவிட்டுத் துணிகளை வெளியே லாரியில் அனுப்பப் போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. முப்பத்தெட்டுப் பேர் வேலை. பாக்கெட் அக்கா வீட்டில் இரண்டு சம்பளம் இருந்தது. வீட்டுக்காரருக்கு மூட்டுவலி வந்து உட்கார்ந்தபின் ஒன்றுதான். தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம். எழுதிப் போட்டு, அலைந்து, கடைசியில் ஒரு வழி கிடைத்தது. அகிம்சை நாளன்று மன்றத்திலேயே நிர்வாகி உட்கார்ந்து பேசுவார், சலவைக்கூடத்திலிருந்து ஐந்து பேர் உள்ளே வரலாம். பாக்கெட் அக்கா அந்த ஐவரில் ஒருத்தி. ஆனால் ஓட்டுநரிடம் நிர்வாகி சொல்லியனுப்பிய சேதி இது: ஒரு கல் விழுந்தாலும் பேச்சு கிடையாது, அன்றைக்கே பூட்டு.

இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பின்வாசலில் சோதனை நடந்தது. தட்டில் வழக்கமான சாமான்கள் சேர்ந்தன. ஓட்டுநர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நடக்க முடியாமல் போகிறவர்களுக்காக அது ஊர்வலத்தின் பின்னால் வரும். தம்பி கடைசி ஆளாக வந்தான். கை காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

"கைய வெளிய எடு."

"சாவிதான்க்கா."

"சாவிக்கு இவ்வளவு காவல் எதுக்கு? எடு."

அவன் எடுக்கவில்லை. இவள் புறங்கையால் தட்டினாள். பிறகு அடிமூலையை நசுக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. உள்ளே கையை விட்டு இழுத்தபோது வந்தது, ரோலர் மெஷினின் இரும்பு நட்டு. எலுமிச்சம்பழ அளவு இருக்கும்.

"மெஷின்ல கழண்டுக்கிச்சு. மாட்டணும்னு வச்சிருந்தேன்."

"லீவு நாள்லயா?"

"சரி, மாட்டறதுக்கு இல்ல" என்றான் அவன். குரல் உயர்ந்தது. "எறியறதுக்குத்தான். இப்ப என்னங்கிற? பத்து வருஷமா நீ பின்னாலயே நடக்கிற, நாங்க உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வர்றோம். என்ன கெடச்சுது? கூடத்தையே மூடுறான். அன்னிக்கு ஒருத்தன் கல்லெறிஞ்சான் பாரு, அவன் ஆம்பள. அன்னிக்கு ஒரு நாள்தான் மேல இருக்கிறவன் பயந்து குனிஞ்சான்."

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் "அதானே" என்றார்கள். ஒருவன் பையில் ஒரு நட்டு இருந்தால் வாங்கித் தட்டில் போடலாம். முப்பத்தெட்டுப் பேர் மனதில் இருந்தால் எந்தத் தட்டு தாங்கும்? தெருவில் பொறுக்கிக்கொள்ளக் கல்லா இல்லை?

பாக்கெட் அக்கா நட்டை அவன் கையிலேயே திணித்துவிட்டு, தட்டைக் குனிந்து தரையில் வைத்தாள். இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆம்பள இல்லடா" என்றாள். "நான்தான்."

யாரோ சிரித்தார்கள். தம்பியும் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"மன்றத்து ஓரத்துல பூந்தொட்டி இருக்கில்ல, அதுல இருந்து எடுத்தேன். நிர்வாகி தலைக்குத்தான் குறி வச்சேன். அண்ணன் காதுல பட்டுச்சு. பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இன்னும் கேக்குது. அவன் பயந்தான்னு சொல்றியே, பயந்தவன் என்ன செஞ்சான்? மனுவ வாங்காமப் போனான். அதுக்குக் காரணமும் நான்தான்."

அந்த நேரத்தில் எல்லாரும் அவளைப் பார்க்கவில்லை. மடிப்புக்காரியைப் பார்த்தார்கள். அவள் முதல் வரிசையில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டாள். மெதுவாக நடந்து பாக்கெட் அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"என் கைக்காகவா எறிஞ்ச?"

"ஆமா."

"என்னக் கேட்டியா?"

பாக்கெட் அக்காவின் பார்வை அந்த மடங்காத விரல்களுக்குப் போயிற்று.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். எனக்குக் கல்லு வேணும்னு மனுவுல எழுதல. கையுறை வேணும்னுதான் எழுதினேன். நாலு வருஷம் ஆச்சு அது வர. அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேரு வெந்தாங்க." எண்ணிக்கை சொல்வதுபோலத்தான் சொன்னாள், அழவில்லை. "இதுக்குத்தான் எனக்கு தெனம் மூடி தெறந்து குடுத்தியா?"

வேனிலிருந்து ஓட்டுநர் இறங்கி வந்தார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து வலது காதை முன்னால் கொடுத்துக்கொண்டு, "என்ன, என்ன சொல்றா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர் காதோடு சொன்னார்.

"அண்ணே, உங்ககிட்ட நான் அப்பவே சொல்லிட்டேனே" என்றாள் பாக்கெட் அக்கா. "வார்டுல, கட்டில் பக்கத்துல உக்காந்து. நீங்க தலையாட்டினீங்க."

"எந்தப் பக்கம் உக்காந்த?"

அவள் யோசித்து, கையைத் தூக்கி இடது பக்கம் காட்டினாள்.

"அந்தப் பக்கம் அன்னிக்கே கடை மூடியாச்சேம்மா" என்றார் அவர். "நீ அழுதுக்கிட்டு வாயசைச்ச. வந்தவங்க எல்லாருந்தான் அழுதாங்க. எல்லாருக்கும் தலையாட்டினேன்."

பதினோரு வருஷமாக இவள் தன்னை மன்னித்தவர் ஒருவராவது இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவருக்கோ விஷயமே அன்றைக்குத்தான் தெரிகிறது. அவர் காதைத் தடவிக்கொண்டு வேனுக்குத் திரும்பிப் போனார். கதவை ஓங்கித்தான் சாத்தினார். வண்டி கிளம்பிப் போய்விடுமோ என்று எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்தோம். பிறகு இன்ஜின் உறுமியது. வேன் எங்கும் போகாமல், ஊர்வலத்தின் பின்னால் போய் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது.

தம்பி குனிந்து நட்டைத் தட்டில் வைத்தான். போகாமல் அங்கேயே நின்றான்.

"என்னடா?"

"நம்பர் கட்டு. சாயங்காலம் திருப்பி வாங்கணும். நெஜமாவே மெஷினுக்கு வேணும் அது."

அவள் அட்டை எழுதிக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அவனே பிடித்துக் கொடுத்தான். தட்டை எடுத்துக்கொண்டு அவள் நிமிரும்போது மடிப்புக்காரி இன்னும் எதிரிலேயே நின்றிருந்தாள்.

"தட்டைக் கீழ வை. கையத் தூக்கு."

பாக்கெட் அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். மடிப்புக்காரி சரியாக மடங்காத அந்த விரல்களால் அவள் வேலைக் கோட்டின் பையை முதலில் தட்டினாள், மூலையை நசுக்க முயன்றாள், வரவில்லை. கையை உள்ளே விட்டு உள்துணியை வெளியே இழுத்துப் போட்டாள். ஒரு பென்சில் துண்டும் இரண்டு துணி அட்டையும் விழுந்தன. அடுத்த பையையும் அப்படியே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் சோதிக்கிறவளை யாரும் சோதித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரி, நட" என்று சொல்லிவிட்டு மடிப்புக்காரி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நடந்தோம். பாக்கெட் அக்காவின் பைகள் இரண்டும் வெளியே வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே தள்ளிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் மருந்துக்கடை மூலை வந்தபோது அவள் முன்னூற்றுச் சொச்சத்திலேயே இருந்திருக்க வேண்டும். திரும்பாமல் நேரே போகப் பார்த்தாள். கணக்குத் தவறிவிட்டது. அந்த நடையில் அவளுக்கு அப்படி ஆனது அதுவே முதல் தடவை.

"மூலை" என்றாள் மடிப்புக்காரி, உரக்கவும் அல்ல, மெதுவாகவும் அல்ல.

பாக்கெட் அக்கா கேட்காததுபோல இரண்டு அடி வைத்தாள். நடைபாதைக் கல்லில் குதிகால் மோதித் தடுமாறி, விழாமல் நின்றாள். தம்பி பின்வரிசையிலிருந்து ஓடிவரப் பார்த்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு மூலையில் திரும்பினாள்.

பாலத்துக்கிட்டே தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முந்தின சாயங்காலம் அது அங்கே இல்லை. "குழி. உன் இடது பக்கம் ரெண்டு முழம்." இந்தத் தடவை நின்றாள், மடிப்புக்காரியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வலதுபக்கம் ஒதுங்கி நடந்தாள். அப்போது உதடு அசைவதும் நின்றுவிட்டது.

சலவைக்கூடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அன்று ஐவரும் உள்ளே போய் மூன்று மணி நேரம் பேசினார்கள். ஒரு வருஷத்துக்கு மூடுவதில்லை, அடுத்த அக்டோபரில் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று எழுதி வாங்கி வந்தார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டலாம், அவ்வளவுதான். கல் எறிந்ததற்காகப் பாக்கெட் அக்காவை இதுவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கூப்பிட்டால் போவேன் என்கிறாள். மடிப்புக்காரி மூன்று நாள் டப்பா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாளாம். நாலாம் நாள் மேசைமேல் டப்பாவை இவள் பக்கம் தள்ளினாளாம். ஓட்டுநர் என் அக்கா மகளிடம், "அவ வந்தா வலது பக்கம் உக்காரச் சொல்லு" என்றாராம். இவள் இன்னும் போகவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மன்றத்து வாசல். கூட்டத்துக்குக் கை அரிப்பது அங்கேதான் என்பாள் அவள். நடந்த களைப்பு, எதிரே பெரிய கதவு, ஓரத்தில் பூந்தொட்டிகள். அதனால் கடைசி அடிவரை முகத்தைத் திருப்ப மாட்டாள். மற்ற வருஷங்களில் படிக்குக் கீழேயே நின்றுகொண்டு மனுவை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாள். அந்தப் படிகளில் அவள் ஏறியதே இல்லை. எத்தனை படி என்று எண்ணி வைத்திருந்தாள்தான், ஆனால் அன்றைக்குக் கணக்கு கையில் இல்லை. மேலே கதவைத் திறந்துவைத்து நிர்வாகி நின்றிருந்தார். பின்னால் வேன் வந்து நின்றது. சலவைக்கூடத்து ஆட்களும், என்னைப் போல வீட்டிலிருந்து வந்தவர்களுமாகப் படிக்குக் கீழே நின்றோம். தம்பி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பூந்தொட்டிக்குப் பக்கத்தில் அதை மறைத்தபடி நின்றான்.

பாக்கெட் அக்கா கூட்டத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒருமுறை பார்த்தாள். பைகள் இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

"படி" என்றாள் மடிப்புக்காரி.

அவள் திரும்பிப் பார்க்காமல் காலைத் தூக்கிப் பின்னால் வைத்தாள்.